மூலைக்காரர்

பழைய சாமான் கடைக்குள் நுழைந்தால் அவர் நாற்காலியைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். நேராகப் பின்சுவருக்குப் போவார். அங்கே சாய்த்து வைத்திருக்கும் துணிச் சுருள்களில் ஒன்றைத் தூக்கி, மேல்கட்டையைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, கீழ்க்கட்டையைத் தான் பிடித்தபடி பின்பக்கமாகவே நடப்பார். சுருள் விரியும். பழுப்பு நிறத்தில் மலை வரும், நீலத்தில் ஆறு வரும், பச்சையில் வயல்வெளி வரும். அதற்கெல்லாம் அவர் கண் போகாது. கழுத்தை வளைத்து இடது கீழ் மூலையை மட்டும் பார்ப்பார்.

"பெட்டி இருக்கு. சுத்திடுங்க தம்பி."

"ஊரு உலகத்தையே விரிச்சுக் காட்டுறேன், நீங்க பல்லியாட்டம் மூலையிலயே போய் ஒட்டிக்கிறீங்களே!" என்பார் கடைக்காரர். பழைய சாமான் விற்கும் அந்தத் தெருவில் ஆறு கடை. ஆறு கடையிலும் அவருக்கு மூலைக்காரர் என்றுதான் பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கோபித்துக்கொண்டதில்லை.

பெட்டி என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் வரைபடத்தில் ஒரு மூலையில் கட்டம் போட்டு, இந்தக் கோடு ஆறு, இந்தக் கோடு ரயில், இந்தப் புள்ளி ஊர் என்று விளக்கி வைத்திருப்பார்களே, அந்தக் கட்டம்தான். வரைகிறவர்கள் அதை எங்கே வைப்பது என்று தேடி, ஆளும் ஊரும் இல்லாத இடமாகப் பார்த்து வைப்பார்கள். அவர் தேடுவது பெட்டி வைக்காத தாள். அப்படி ஒன்றே ஒன்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது.

பெட்டி இருந்தாலும் சில நாள் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். வீட்டு முன்னறையில் அதே வரைபடம் முப்பத்தொரு பிரதி, அடுக்கி வைத்த விறகு மாதிரி. நேற்றைய ரொட்டியின் உள்பஞ்சைப் பிய்த்து உருட்டி, அழுக்கின்மேல் மெதுவாகத் தேய்ப்பார். ரப்பர் வைத்தால் நிறம் போய்விடும், ரொட்டி அழுக்கை மட்டும் தின்னும் என்பார். துடைத்துக்கொண்டே, அந்தப் படம் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொங்கியது என்று சொல்லிவிடுவார். பின்னால் முத்திரை பார்த்து அல்ல. எந்த ஊர் தேய்ந்து ஓட்டையாகியிருக்கிறதோ அந்த ஊர்ப் பள்ளிக்கூடம். அத்தனை பிள்ளைகளும் வந்து விரல் வைப்பது தன் ஊரில்தானே? தொட்டுத் தொட்டு, கடைசியில் அந்த ஊர் மட்டும் படத்தில் இருக்காது.

பேச்சும் அவருக்கு அப்படித்தான். இடது வலது என்று வாயில் வராது. "உப்பு அலமாரியில வடகிழக்குல இருக்கு பாரு" என்பார். "கையை நீட்டினா கிடைக்கிற உப்புக்கு ஒரு திசைகாட்டி வேற வாங்கித் தரீங்களா?" என்பாள் மனைவி. வைத்தியரிடம் போனால் தென்மேற்கில் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார். வயது அறுபத்தெட்டு. ஒல்லியான உடம்பு, தோள் மட்டும் மேசைக்குக் குனிந்த தோள். வலது நடுவிரலில் பேனா பிடித்த காய்ப்பு இன்னும் உண்டு.

அந்த வரைபடத்தை உண்டாக்கியவர் வேறொருவர். அவரைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது. அவர் ஒரு பூகோள வாத்தியார். அச்சகத்தில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். எங்கோ தூரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட படத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்ட படங்கள்தான் அப்போது பள்ளிக்கூடங்களில் தொங்கின. அதில் பாதி ஊர் இருக்காது, ஆறு மலைமேல் ஏறிப் போகும். பெரியவர் வேலையை விட்டுவிட்டு, கைப்பிடி வைத்த அளவுச் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு மாவட்டம் முழுக்க நாலு வருடம் நடந்தார். சக்கரம் உருளாத இடத்தில் அடியை எண்ணினார். ஆயிரம் அடிக்கு ஒரு கூழாங்கல் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். கால்விரல்களில் நகம் இல்லை அவருக்கு, எல்லாம் நடந்தே உதிர்ந்துவிட்டன. ஐந்து வீடு இருந்தால் ஒரு புள்ளி, அதற்கு ஒரு பெயர், அதுதான் அவர் வைத்த சட்டம்.

"ஒரு பிள்ளை சுவத்துல முதல்ல தேடுறது தன் ஊரைத்தான்டா. அது இல்லைன்னு வெச்சுக்கோ, அப்புறம் நாம சொல்ற எதையும் அது நம்பாது, நம்பவும் வேண்டாம்" என்பார்.

அவர் கொண்டுவந்த குறிப்புகளை மேசைமேல் கோடாக்கியது மூலைக்காரர். அப்போது இருபத்து நாலு வயது. எறும்புக் கால் போன்ற கோடுகளால் மலையை எழுப்புவார். பெரியவரே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு முதுகில் தட்டுவார். எல்லா மூலையும் நடந்து முடிந்து, தென்மேற்கு மூலை ஒன்று மட்டும் மிச்சம் இருக்கும்போது பெரியவர் காய்ச்சலில் விழுந்தார். "எல்லாம் நான் போயிட்டேன். இது ஒண்ணை நீ போய்ப் பாத்துட்டு வந்துடு" என்று அனுப்பினார்.

போனார். மழை. பேருந்து நின்ற இடத்திலிருந்து மூன்று மணி நேரம் சேற்றில் நடந்து ஆற்றங்கரைக்கு வந்தார். ஆறு நுரைத்துக்கொண்டு போனது. கரையில் ஒரு கம்பம், அதிலிருந்து ஒரு இரும்புக் கம்பி அறுந்து தண்ணீரில் தொங்கியது. அந்தக் கம்பியில் கூடை கட்டித்தான் மனிதர்கள் கடப்பார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அறுந்து கிடக்கிறதே, அப்படியானால் யாரும் போவதில்லை, வருவதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எதிர்க்கரையில் மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஏதோ எழும்பியது. பனி என்று வைத்துக்கொண்டார். செருப்பு வார் வேறு அறுந்துவிட்டது. இப்போது நினைத்தால் அந்தச் செருப்பைத்தான் முதலில் திட்டுவார் மனதுக்குள். திரும்பி வந்தார்.

அதற்குள் படத்தின் சோதனைத் தாள் சின்ன அளவில் மூன்று பிரதி அச்சாகி ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தது. பெட்டி இன்னும் வைக்கவில்லை, நாலு மூலையும் திறந்தே கிடந்தன. பெரியவர் போர்வைக்குள்ளிருந்து கேட்டார்: "நேர்ல பாத்தியா?"

"பாத்தேன்யா. ஒண்ணும் இல்லை."

"அப்ப தாள்லயே எழுதி, தேதி போட்டுக் குடு."

நீலப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். பெரியவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டி அந்த மூலையில் உட்கார்ந்தது. படம் இருநூறு பள்ளிக்கூடத்துக்குப் போனது. கேட்டிருந்தால் இவர் தப்பித்திருப்பார், அவர் நம்பிவிட்டாரே, அதுதான் வினை.

அந்த மூலையில் பதினேழு வீடு இருந்தது. அந்த ஊருக்குச் சுற்றுவட்டாரத்தில் பெயரே பதினேழு வீடு என்பதுதான். இரண்டு வருடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே அணை வந்தது. ஊர்களைக் காலி செய்ய வந்தவர்கள், இந்த மாவட்டத்தில் இதைவிட ஒழுங்கான படம் இல்லை என்று பெரியவர் படத்தைப் பார்த்தே பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இருந்த ஊர்க்காரர்களுக்கு மேட்டில் வீடு கிடைத்தது. இல்லாத ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் மட்டும் வந்தது. அவர்கள் நகரத்து ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, ஆக்கிரமிப்பாளர்கள் என்ற பெயரோடு உட்கார்ந்தார்கள்.

பேருந்தில் யாரோ பேசிக்கொண்டு வந்ததில்தான் அவர் காதில் அது விழுந்தது. அச்சகத்தில் இருந்த சோதனைத் தாளைத் தேடி எடுத்துக் கிழித்தார். இன்னொன்று முன்பே அடுப்புக்குப் போயிருந்தது. மூன்றாவது பெரியவர் வீட்டில். அதைக் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

கொட்டகைக்குப் போனது உண்மையைச் சொல்லத்தான். அதை மட்டும் அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், சொல்லத்தான் போனார். அங்கே வாசலில் ஒரு பெண், பத்தொன்பது வயதிருக்கும், ஐந்து வயதுத் தம்பிக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தாய் இல்லாத பிள்ளை, அவள்தான் வளர்த்தாள். அவர் படம் வரைகிறவர் என்று தெரிந்ததும் நிமிர்ந்தாள்.

"எங்க ஊரு உங்க படத்துல இருக்கா?"

"இருந்துச்சு. நான் போட்டிருந்தேன். பெரியவர் அதுமேல பெட்டியை வெச்சிட்டாரு" என்றார்.

"அப்ப நீங்க வந்து பாத்திருக்கீங்களா?"

"பாத்தேன்."

"கிணத்தடியில ஒரு சாய்ஞ்ச மரம் இருக்குமே?"

"ஆமா. சாய்ஞ்சுதான் இருந்துச்சு."

அவள் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது. தண்ணீருக்குள் போன ஊரை வெளி மனிதர் ஒருவர் பார்த்திருக்கிறார். அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டாள் என்று சொன்னால் தப்பில்லை. பின்னால் அவளே அப்படித்தான் சொல்வாள்: "அழகுக்காகவா கட்டினேன்? எங்க ஊரைப் பாத்த கண்ணு அது, அதுக்காகக் கட்டினேன்."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவர்தான் வரைபடத்தில் இருக்கும் ஊர்ப் பெயர்களை எழுதிக் காட்டிக் கற்றுக்கொடுத்தார். அவர் எழுத்தைப் பார்த்தே எழுதியதால், கடைசி எழுத்தின் வாலைக் கொஞ்சம் இழுத்து விடுவது வரை அவளுக்கும் அதே கை. முப்பத்தொன்பது வருடம் ஒரு கூரையின் கீழே வாழ்ந்தார்கள். நினைத்துக்கொண்டாற்போல் கேட்பாள், "எங்க வீட்டுக் கதவு என்ன நிறம், ஞாபகம் இருக்கா?" அவர் யோசிப்பதுபோல் நிற்பார். அவளே பொறுக்காமல், "நீலம்தானே?" என்பாள். "ஆமா, நீலம்." இப்படி அவள் ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமிருந்தே வாங்கி அவளுக்கே திருப்பிக் கொடுத்து வந்தார்.

மச்சினன் வளர்ந்து, கொட்டகையிலேயே குடும்பம் வைத்து, இரண்டு பிள்ளைக்கு அப்பன் ஆனான். லாரிகளுக்கு டயர் பஞ்சர் ஒட்டுகிறவன். கலகலப்பானவன், கோபம் வந்தால் மட்டும் வாய் நிற்காது. "அந்தப் பெரியவரு மட்டும் பெட்டியை வடக்கால வெச்சிருந்தா, நான் இப்ப மேட்டு வீட்டுல காலை நீட்டிப் படுத்திருப்பேன். நடந்த காலு அழுகிப் போயிருக்கும் அந்த ஆளுக்கு!" என்பான். மூலைக்காரர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. வருடா வருடம் அவன் பிறந்த நாளன்று மட்டும் காலையிலேயே படம் தேடப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். கேக் வெட்டி, விளக்கு வைத்த பிறகுதான் வருவார். "என் பொறந்த நாளுன்னா மாமாவுக்கு எங்கிருந்துதான் வேலை வருமோ!" என்று அவன் கேலி செய்வான்.

பெரியவர் இறந்த பிறகு அவர் வீட்டுச் சாமான்களைப் பழைய சாமான்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்துதான் இந்தக் கடை ஏறுவது. எதற்குத் தேடினார்? கிடைத்தால் கிழித்துப் போடுவதற்கு. வீட்டில் இருந்தவர்கள் நினைத்தது வேறு. பெட்டி வைக்காத தாளில் தங்கள் ஊர் இருக்கிறது, அதைத்தான் மனிதர் உயிரைக் கொடுத்துத் தேடுகிறார் என்று நினைத்தார்கள். நினைக்க விட்டது அவர்தானே.

போன மாதம் கொட்டகைகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சாலை அகலமாகிறது, மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அணைக்கு முன்னால் அச்சான ஏதாவது ஒரு வரைபடத்தில் தங்கள் ஊரைக் காட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் மாற்று வீடு. அரசாங்கத்தின் பழைய அளவைத் தாள்கள் கிடங்கில் மழைத் தண்ணீர் புகுந்து கூழாகிவிட்டன. மச்சினன் நோட்டீஸைக் கிழித்து எடுத்துக்கொண்டே ஓடி வந்தான். "மாமா, இனிமே உங்க கையிலதான் இருக்கு. அந்தத் தாள் கிடைச்சா பதினேழு வீட்டு சனமும் பொழச்சிடும்."

"தேடுறேன் மாப்ள" என்றார். தேடுகிற மாதிரி மூன்று வாரம் போக்கினார்.

தொலைபேசி அடித்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். மனைவி எடுத்தாள். கடைக்காரர் குரல் தெருவுக்கே கேட்டது. "மூலைக்காரர் இருக்காருங்களா? அவர் சாமி கண்ணைத் தொறந்துட்டாருன்னு சொல்லுங்க! ஒரு மர அலமாரிக்குப் பின்பலகையில ஒட்டி வெச்சிருந்தாங்க. அதே படம். மூலையில பெட்டி இல்ல!"

தலை துவட்டாமல் வெளியே வந்தவரை மனைவி கட்டிக்கொண்டாள். அந்த வயதில், வாசல் கதவு திறந்திருக்க. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. சந்தோஷத்தில் வெளுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, அவளே செருப்பை எடுத்துப் போட்டாள்.

கடையில் மச்சினன் முன்பே வந்து நின்றான். கடைக்காரர் தாளை மேசையில் விரித்து நாலு பக்கமும் பாரம் வைத்தார். செய்தித்தாள் அளவுதான் இருக்கும், ஓரமெல்லாம் பசை. மூலையில் பெட்டி இல்லை. புள்ளியும் இல்லை. ஆறு வளைந்து போகிறது, அதற்குக் கீழே வெறும் வெள்ளை, அதன்மேல் நீலப் பென்சிலில் இரண்டு வரி. மனைவி கண்ணாடி கொண்டு வரவில்லை. தாளைத் தூக்கி மூக்கருகே வைத்து எழுத்துக் கூட்டினாள். "நேரில்... பார்த்தேன். குடியிருப்பு... இல்லை. பெட்டி இங்கே வைக்கலாம்." கீழே பொடியாக இருந்த தேதி அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆனால் வாலை இழுத்து விட்ட அந்தக் கடைசி எழுத்து தெரிந்தது.

"என்னங்க, இது உங்க கையெழுத்தாச்சே?"

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பெரியவர்தான் புள்ளியை எடுக்க வெச்சாரு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்" என்றார். செத்துப்போனவர் தலையில் இன்னொரு கல்.

அவள் மூச்சை விட்டாள். "அதானே பாத்தேன்! அப்ப ஒண்ணும் குடி முழுகிடல. ஆபீஸ்ல வந்து அதையே சொல்லுங்க. அவரு மிரட்டி எழுத வெச்சாரு, நான் ஊரைக் கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க. வரைஞ்ச ஆளே சொன்னா நம்ப மாட்டாங்களா?"

"தாள் வேண்டாமே. நான் மட்டும் சொல்றேன்."

"தாளைக் காட்டினாதான் நீங்க வரைஞ்சவருன்னு நம்புவாங்க" என்றான் மச்சினன். சுருட்டித் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு அது அவர் கைக்கு வரவே இல்லை.

அதிகாரி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. ஒருவரையும் நிற்க வைக்காமல் நாற்காலி போடச் சொன்னார். தாளை வாங்கி எழுத்தரிடம் கொடுத்தார். எழுத்தர் பின்பக்கம் முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றித் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகுதான் அந்த அம்மாள் மூலையை வாசித்தார்.

"இந்த எழுத்து உங்களோடதா ஐயா?"

"என்னோடதுதாங்க."

"அது அவரோட பெரியவர் சொல்லி எழுதினதுங்க மேடம். இவரு எங்க ஊரைக் கண்ணால பாத்தவரு" என்றாள் மனைவி.

"இருங்கம்மா, அவர் சொல்லட்டும். தேதி போட்டிருக்கீங்களே. பதினொண்ணாம் மாசம் பதினாறு. அன்னிக்குத்தான் போனீங்களா?"

மூலைக்காரர் வாய் திறப்பதற்குள் மச்சினன் துள்ளி எழுந்தான். "பதினாறா? எந்த வருஷம் மேடம்?" வருடத்தையும் கேட்டதும் அவன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "மேடம், அது நான் பொறந்த நாளு! அன்னிக்குக் காலையில எங்கப்பா ரேடியோவுல தேதி கேட்டு வெச்சிருந்தாரு. மாமா, நான் பொறந்தன்னிக்கா எங்க ஊர்ல இருந்தீங்க? அக்கா, கேட்டியா? ஒரு வார்த்தை சொல்லலியே இந்த மனுஷன்! மேடம், குடியிருப்பு இல்லன்னு எழுதியிருக்கே, நான் ஒருத்தன் அங்க கத்திக்கிட்டு இருந்திருக்கேனே மேடம்!"

அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

"கம்பி அறுந்து அன்னிக்கு நாலாம் நாளு" என்றாள் மெதுவாக. "யாரும் வரவும் முடியல, போகவும் முடியல. மருத்துவச்சி அக்கரையில நின்னு அழுதுட்டுத் திரும்பிப் போயிட்டா. அதனாலதானே அம்மா..." நிறுத்தினாள். திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "நீங்க எப்படி வந்தீங்க?"

அவர் இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டார்.

"நான் வரலை."

அதிகாரி தாளிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"வரலை. பெரியவர் என்னை மிரட்டவும் இல்லை. நான்தான் பொய் சொன்னேன். கரையில நின்னேன், கம்பி அறுந்து கெடந்துச்சு, திரும்பிட்டேன். அந்தப் பக்கம் வெள்ளையா என்னமோ தெரிஞ்சுது. பனின்னு நெனச்சுக்கிட்டேன்."

"பனி இல்ல" என்றாள் அவள். "வெந்நீர் போட்டுக்கிட்டு இருந்தேன். வெறகு ஈரம்."

மச்சினன் எழுந்தவன் எழுந்தபடியே நின்றான். சிரித்த வாய் இன்னும் முழுதாக மூடவில்லை. அதிகாரி கைக்குட்டையை மடித்து மேசைமேல் வைத்தார். "ஐயா, இப்ப நீங்க சொல்றதை நான் நம்புறேன். இவங்க அங்க இருந்தவங்கதான்னும் நம்புறேன். ஆனா நான் நம்புறதை ஃபைல்ல எந்த இடத்துல எழுதறது? தாள் கேக்குறாங்க. நீங்க கொண்டு வந்த தாள், பாத்தேன், இல்லைன்னு சொல்லுது. இல்ல, அது பொய்னு சொல்ல வந்திருக்கறவரு இவங்க வீட்டு மாப்பிள்ளை. மேல என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"அப்ப அந்தத் தாளே வேண்டாம் மேடம். குடுத்துடுங்க, எடுத்துட்டுப் போயிடறோம். நாங்க வரவே இல்லன்னு வெச்சுக்குங்க" என்றான் மச்சினன்.

"நம்பர் போட்டாச்சுப்பா" என்றார் அதிகாரி. சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை.

அவன் "மாமா" என்று ஏதோ சொல்ல வந்தான். சொல்லாமல் வெளியே போய்விட்டான். வராந்தாவில் பதினேழு வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். அவன் குரல் கேட்கவில்லை. ஒரு கிழவியின் குரல் மட்டும், "என்னடா ஆச்சு, சொல்லேன்டா, என்னடா ஆச்சு" என்று திரும்பத் திரும்பக் கேட்டது.

மனைவி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "சாய்ஞ்ச மரத்தைப் பாத்தேன்னு சொன்னீங்களே" என்றாள். சண்டைக் குரல் இல்லை. கடைக்குப் போனவரிடம் எதையோ வாங்கி வந்தீர்களா என்று கேட்கிற குரல்.



எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். தாளை நாலாக மடித்தார். நாற்பது வருடத்துக்கு மேல் பலகையில் விறைத்துக் கிடந்த தாள், மடிக்க மடிக்கத் திமிறிக்கொண்டு விரிந்தது. ஒரு கையால் அமுக்கி, மறு கையால் ஓட்டை போடும் கருவியை இழுத்தார். நழுவியது. மறுபடி அமுக்கினார். இடது கீழ் மூலை மேலே வந்து நின்றது.

"யாராச்சும் கொஞ்சம் புடிங்களேன்" என்றார் எழுத்தர், யாரையும் பார்க்காமல்.

மூலைக்காரர் எழுந்து போனார். இரண்டு உள்ளங்கையையும் தாள்மேல் விரித்து வைத்து, மடிப்பு கலையாதபடி ஓரத்தை நேராக்கினார். அந்த மூலையைக் கருவியின் வாய்க்குள் அளவாக நகர்த்திக் கொடுத்துவிட்டு, அழுத்தி முடியும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.